நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு

வண்டி மக்கர் பண்ணுவது வார்திஸுக்குப் புதிதில்லை. ஒரே இடத்தில் மக்கர் பண்ணுவதுதான் புதிது. போன அறுவடை முடிந்த கையோடு வாங்கிய டீசல் பிக்கப் அது. முன்பு வைத்திருந்தவன் தக்காளி வியாபாரி, வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவன். ஊருக்குள் நன்றாக ஓடியது. கீழே துறைமுகம் வரை போய்வந்தது. முதுகு நிறையத் தீவன மூட்டைகளோடு, ஊருக்கு மேலே எழும் சிலோரிதிஸ் மலையின் வளைவுகளிலும் முக்காமல் முனகாமல் ஏறியது. மேலே பட்டியில் வண்டியை நிறுத்தி, ஆடுகளுக்குத் தீவனம் வைத்து, பால் கறந்து, கேன்களை ஏற்றி, திரும்பச் சாவியைத் திருகும்போதுதான் வினை. இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரியும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. செருப்புக் கடித்தவன் நடக்கிற மாதிரி இறங்கும்.

தினமும் இப்படி இல்லை. வெயில் அடித்தால் சரியாக இருக்கும். மழையோ பனியோ விழுந்தால் பத்துக்கு எட்டுத் தடவை படுத்துவிடும். அவன் ஊர்ந்து ஊர்ந்து கீழே வருவதற்குள் பால் நிலையத்து லாரி போயிருக்கும். அந்தப் பாலையெல்லாம் அவன் மனைவி ரொதாந்தி வீட்டுக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சி சீஸ் ஆக்கினாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நடந்துகொண்டிருந்தது, வீட்டில் ஒருவரும் பால் பொருளைத் தொடமாட்டார்கள். அலமாரித் தட்டுகளில் சீஸ் உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்த்தன.

ஊரின் கீழ்க்கோடியில் ஆலிவ் செக்குக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மத்தியோஸ் வண்டி எலெக்ட்ரீஷியன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். கையடக்கக் கம்ப்யூட்டரை வண்டிக்குள் செருகிப் பார்த்து, "ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார்" என்றான். மாற்றினான். அடுத்த மழைக்கு மறுபடி வந்தபோது, "டீசல் பிரஷர் சென்சார்" என்றான். அதையும் மாற்றினான். மூன்றாம் தடவை கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துக் குற்றம் சொன்னது. மத்தியோஸ் தலையைச் சொறிந்தான். "என் பட்டறைல வந்தா இது சாமியார் மாதிரி உக்காந்திருக்கு. உன் பட்டில போய்த்தான் ஆட்டம் போடுது."

அந்த வார்த்தைதான் வார்திஸின் மனதில் தைத்தது. உன் பட்டியில் போய்த்தான்.

பட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? இடுப்பு உயரக் கல்சுவர் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் மனூசோஸின் மேய்ச்சல் நிலம். வார்திஸ் குனிந்து கறந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் வண்டி அந்தச் சுவரோரம்தான் தனியாக நிற்கும். போன மாசி வாக்கில் இவனுடைய ஆடுகள் சுவரைத் தாண்டிக் குதித்து மனூசோஸ் விதைத்திருந்த ஓட்ஸ் பயிரை மொட்டையடித்திருந்தன. அன்றைக்கு மனூசோஸ், "இன்னொரு தடவை நடந்தா என் கை சும்மா இருக்காது" என்று சொல்லியிருந்தான். கோபத்தில் எவனும் சொல்கிற வார்த்தை. சொன்னவன் அன்றே மறந்திருப்பான். கேட்டவன் மறக்கவில்லை.

மனூசோஸ் வெறும் பக்கத்து நிலத்துக்காரனாக இருந்திருந்தால் விஷயம் இவ்வளவு போயிருக்காது. அவன் வார்திஸின் மகள் எர்கினாவுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து அவளைத் தூக்கிப் பேர் வைத்த கை அவனுடையது. பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் அந்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் 'சிந்தெக்னோ' ஆகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவதுகூட நின்றுவிடும், "சிந்தெக்னே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடு திருடுவது இந்த மலையில் ஒரு காலத்தில் வீரத்தில் சேர்த்தி. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் சிந்தெக்னோவின் ஆட்டை, வண்டியை, வாசலை ஒருவனும் தொடமாட்டான். தொட்டான் என்று சபையில் சொல்வது தொட்டதைவிடப் பெரிய காரியம்.

வார்திஸ் அதைச் சொன்னான். பங்குனி மாதத்து மாதா திருநாளன்று, ஊரே கருவாட்டு மீனும் பூண்டுத் துவையலும் சாப்பிட்டுவிட்டுக் காப்பிக்கடையில் கூடியிருந்தபோது சொன்னான்.

"ஆட்டைத் திருடுறவனைக்கூட ஒத்துக்குவேன். அதுக்கு நெஞ்சுல தைரியம் வேணும். நான் முதுகைக் காட்டிக் கறக்கிற நேரம் பாத்து வண்டிக்குள்ள கைய விட்டு ஒயரை நோண்டுறவனை என்னன்னு சொல்றது?"

மனூசோஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "யாரைச் சொல்ற?"

"பேர் வேற சொல்லணுமா? சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்காங்க?"

"என்னையா சொல்ற, சிந்தெக்னே?"

"நான் சொல்லலை. வண்டி சொல்லுது."

மனூசோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அன்றிலிருந்து அவன் வார்திஸைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடி ஜன்னலைப் பார்க்கிறவன் மாதிரி ஊடுருவிப் பார்த்துவிட்டுப் போனான்.

*

ஈஸ்டர் வாரம் பிறந்தது. முதலில் தெற்கிலிருந்து ஆப்பிரிக்கப் புழுதியோடு காற்று அடித்து, ஊர்ச் சுவரெல்லாம் செம்மண் பூசியது. பிறகு அதன்மேல் தூறல் விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் வார்திஸ் பட்டறைக்குப் போய் நின்றான்.

"இன்னிக்கு மழை. இன்னிக்கு நிச்சயம் படுக்கும். நீயே வந்து பாரு."

"நானே ஏறி வரணும்னுதான் இருந்தேன்" என்றான் மத்தியோஸ், மீட்டரையும் கம்ப்யூட்டரையும் பைக்குள் திணித்துக்கொண்டே. "ரெண்டு சென்சாரை மாத்தி அனுப்பினதுல எனக்கே தூக்கம் பிடிக்கலை. என் மாமியார் என்னைப் பாத்து ஒரு மாதிரியா சிரிக்கிறா."

போகிற வழியெல்லாம் மத்தியோஸ் காதை டாஷ்போர்டில் வைக்காத குறையாக வந்தான். பிசிறு இல்லை. பட்டி வந்தது. சுவருக்கு அப்பால் மனூசோஸின் பழைய வெள்ளைப் பிக்கப் நின்றது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

வார்திஸ் வழக்கம்போல ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு ஒரு பித்தானை அழுத்தினான். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. லாரி ஹாரன், மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. மேலே பாறைகளுக்குள் மணிகள் கலகலத்தன. செம்மறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டி, தீவனம் வந்துவிட்டது என்று ஓடி இறங்கின.

சாவியைத் திருகி அணைக்கப் போன கையை மத்தியோஸ் பிடித்துக்கொண்டான்.

"இரு. அணைக்காதே. இன்னொரு தடவை ஹாரன் அடி."

"எதுக்குடா? எல்லாம் வந்தாச்சு."

"ஆட்டுக்கில்ல. எனக்கு."

வார்திஸ் அழுத்தினான். மத்தியோஸ் விரலை நீட்டினான். இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. தூறல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருக்க, இருவரும் அந்த விளக்கையே பார்த்தார்கள்.

"எப்பவும் இப்பத்தான் எரியுமா?"

"தெரியாது. வந்ததும் ஹாரன் அடிப்பேன், அணைப்பேன், இறங்கிருவேன். கறந்து முடிச்சுத் திரும்ப வந்து பாத்தா எரியும்."

"ஊருக்குள்ள இந்த ஹாரன் அடிப்பியா?"

"ஊருக்குள்ள எதுக்கு? அங்க ஸ்டியரிங்ல இருக்கிற சின்ன ஹாரன் போதும்."

"என் பட்டறைல ஒரு தடவையாவது அடிச்சியா?"

மத்தியோஸ் கம்ப்யூட்டரைச் செருகிக் குற்றத்தை அழித்தான். விளக்கு அணைந்தது. "அடி" என்றான். எரிந்தது. அழித்தான். "அடி." மறுபடி எரிந்தது. செம்மறிகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, கூப்பிட்டுவிட்டு ஏன் மூட்டையை அவிழ்க்கவில்லை என்று முகத்தைப் பார்த்தன. சுவருக்கு அப்பால் தொட்டி கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

பானெட்டைத் திறந்து மத்தியோஸ் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதைச் சென்சார்களின் எர்த் ஒயரிலும் வைத்தான். "இங்க ஒண்ணும் காட்டக் கூடாது. பூஜ்யம்தான். இப்ப அடி." எண் எகிறியது. "பாத்தியா? ஹாரன் லாரிக்காரனோடது, சும்மா அள்ளி இழுக்குது. இழுத்த கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி இல்லாம, சென்சாரோட வழியில நெருக்கியடிச்சுப் போகுது. பெடல் பாவம், என்ன சொல்லும்? கால் வைக்காமலே கால் வச்சான்னு உளறுது. கம்ப்யூட்டர் பயந்துபோய் வேகத்தைக் கட்டிப்போடுது. நான் உளறினவனையே மாத்திட்டு இருந்திருக்கேன்."

அவன் ஹாரனிலிருந்து கறுப்பு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். அது பேட்டரித் தட்டுக்கு அடியில் நுழைந்து, ஒரு போல்ட்டில் முடிந்தது. சென்சார்களின் எர்த் ஒயர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அதே போல்ட். பெயின்டைச் சுரண்டாமல், இருந்ததன் தலைமேல் வைத்து முறுக்கியிருந்தார்கள். மழைத்தண்ணீர் இறங்கி இரண்டுக்கும் நடுவே துரு பொரிந்து, ஈரம் பட்ட நாளெல்லாம் வழியை அடைத்துக் கிடந்தது.

"எந்தக் கழுதைடா இதை..." என்று ஆரம்பித்த மத்தியோஸ் நிறுத்திக்கொண்டான். ஒயரின்மேல் நீல டேப் சுற்றியிருந்தது. தண்ணீர்க் குழாய் கசிந்தால் சுற்றுகிற டேப். இரண்டு எட்டுத் தள்ளி, பட்டியின் தண்ணீர்க் குழாயிலும் அதே நீலம் சுற்றியிருந்தது.

அந்த ஹாரனுக்கு ஒரு கதை உண்டு. எர்கினாவுக்குப் பேர் வைத்த அன்று மனூசோஸ், உடைப்பதற்கு வந்த ஒரு பழைய லாரியிலிருந்து ஜோடி ஹாரன்களைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். "பிள்ளைக்குச் சிலுவை போட்டாச்சு. தகப்பனுக்கு இது. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றான். ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி ஒரே குரல் இரண்டுக்கும். ஆடுகள் குழம்பக் கூடாதென்று அன்றே பேசி வைத்துக்கொண்டார்கள். மனூசோஸுக்குக் குட்டையாக மூன்று. வார்திஸுக்கு நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. இந்தப் பிக்கப் வாங்கியபோது, "ஹாரனைக் கொண்டா, ரிலே வச்சு மாட்டித் தர்றேன்" என்று மத்தியோஸ் சொல்லத்தான் செய்தான். "ரெண்டு ஒயர் இழுக்க உனக்குக் கப்பம் கட்டணுமா" என்று சிரித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்திஸே மாட்டினான்.

இப்போது அவன் காதுமடல் சுட்டது. சுவர்ப்பக்கம் திரும்ப முடியவில்லை.

மத்தியோஸ் குரலைத் தாழ்த்தினான். "சரி விடு. சுரண்டி, தனி எர்த் குடுத்து, ரிலே போட்டுத் தர்றேன். அரை மணி வேலை."

"வேணாம். கழட்டிப் போடு."

"ஹாரன் மேல என்னடா தப்பு?"

"கழட்டிப் போடுன்னு சொல்றேன்ல."

ஹாரனையும் பித்தானையும் கழற்றிப் பின்னால் எறிந்தார்கள். இறங்கும்போது வண்டி பறந்தது. பாதி வழியில் மத்தியோஸ் தொண்டையைச் செருமினான்.

"கீழ கேட்டா எலின்னு சொல்லிரு. எலி ஒயரைக் கடிச்சிருச்சு. ஊர்ல பாதி வண்டிக்கு எலிதான் காரணம். எலிக்காகச் சண்டைக்கு வர்றதுக்கு அதுக்குச் சொந்தக்காரன் எவனும் இல்ல. நானும் ரெண்டு சென்சாரை வீணா மாத்தினேன்னு ஊர் சிரிக்க வேணாம்."

வார்திஸ் தலையாட்டினான்.

காப்பிக்கடை வாசலில் ஸ்த்ராதிஸ் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடை அவனுடையது, வாயும் கடையைப் போல எந்நேரமும் திறந்தே இருக்கும். "என்ன வார்திஸ், சிங்கம் மாதிரி இறங்கி வர்ற? வியாதி தெரிஞ்சுதா?"

"எலி."

"எலியா? ரெண்டு காலா, நாலு காலா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வார்திஸும் சிரித்தான். சிரிப்பு வாயைவிட்டு வந்த பிறகுதான், அதை அள்ளித் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாது என்பது தெரிந்தது.

*

வீட்டில் மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. முழங்கை நீளம், வெள்ளை, இடுப்பில் இளநீல நாடா. பக்கத்தில் செருப்புக்கடைப் பெட்டி. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஞானத்தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்கிற மெழுகுவர்த்தியும் காலணியும். இந்த வருடம் அது வராது என்று வார்திஸ் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தான். வராவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அறுத்தவன் மனூசோஸ் என்று ஊர் சொல்லும். அந்தக் கணக்கும் அவனுக்குள் இருந்தது.

ரொதாந்தி நத்தைகளைக் கழுவி ரோஸ்மேரி போட்டு வதக்கிக்கொண்டிருந்தாள். நோன்புக்கு அதுதான் கறி.

"எப்ப வந்தது?"

"காலைல. நீ மத்தியோஸைக் கூப்பிடப் போன நேரம். வாசல்லயே நின்னு குடுத்தாரு. உள்ள வாங்கன்னேன். வேலை இருக்குன்னாரு. பிள்ளை காலளவு மாறியிருக்கும்னு ஒரு சைஸ் கூட எடுத்தேன்னு மட்டும் சொன்னாரு." கரண்டியைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். "வண்டி?"

"சரியாச்சு."

"என்னவாம்?"

"எலி."

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். நீல டேப்பின் பசை நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"எந்த எலி?"

வார்திஸ் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மெழுகுவர்த்தியைப் பார்க்காமல் இருக்க, செருப்புப் பெட்டியைப் பார்த்துச் சொன்னான். காப்பிக்கடை வாசலில் சிரித்ததையும் சொன்னான்.

"அந்த ஹாரனை நீதானே மாட்டின" என்றாள் ரொதாந்தி. "நான்தானே டார்ச் பிடிச்சேன். சுரண்டிட்டு வையேன்னு கேட்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னு சொன்ன."

"ஞாபகம் இருக்கு."

"எலி கடிச்சதுன்னே வச்சுக்குவோம். திருநாள் அன்னிக்குக் காப்பிக்கடையில ஊருக்கு நடுவுல நின்னு பேசினதும் எலிதானா?"

அவள் தட்டில் நத்தையை அள்ளி வைத்து, பக்கத்தில் வாற்கோதுமை ரொட்டியை நனைத்து வைத்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சனிக்கிழமை நடுராத்திரி அந்த மெழுகுவர்த்தியை ஏத்திக்கிட்டு எர்கினா உன் பக்கத்துல நிப்பா" என்றாள். "அவரும் எதிர்ல நிப்பாரு. உன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைப்ப?"

*

சாயங்காலப் பூசை மணி அடிப்பதற்கு முன்னால் காப்பிக்கடை நிறைந்திருந்தது. மனூசோஸ் அடுப்போரத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். வார்திஸ் உள்ளே வந்து உட்காராமல் நின்றதால் பேச்சு தானாக அடங்கியது.

"நான் காலைல எலின்னு சொன்னேன்" என்றான். தன் குரல் தனக்கே அடுத்தவன் குரலாகக் கேட்டது. "எலி இல்ல. ஹாரனை நான் மாட்டினேன். எர்த்தைத் தப்பா மாட்டினேன். ஹாரன் அடிக்கிறப்ப எல்லாம் சென்சார் குழம்பி வண்டி படுத்திருக்கு. நான் ஹாரன் அடிக்கிறது பட்டில மட்டும்தான். அதனாலதான் அங்க படுத்துச்சு. யாரும் என் வண்டியைத் தொடலை. மனூசோஸ் தொடலை. அன்னிக்கு இங்க நின்னு நான் பேசினது பொய்."

ஸ்த்ராதிஸுக்குப் பழக்கதோஷம். "ஹாரன் மனூசோஸ் குடுத்ததுதானே? அப்ப எப்படிப் பாத்தாலும் அவன் வேலைதான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்த்ராதிஸ் துணியை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தான்.

"அடுப்போர மேசைக்கு ஒரு ராக்கி" என்றான் வார்திஸ். "என் பேர்ல."

ஒருவன் அனுப்பின சாராயக் கோப்பையை இந்த மலையில் யாரும் மறுப்பதில்லை. அனுப்பினவன் பக்கம் ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டுக் குடிப்பார்கள். ஸ்த்ராதிஸ் கொண்டுபோய் வைத்தான். மனூசோஸ் அதைப் பார்த்தான். பிறகு, அந்தத் திருநாளுக்குப் பின் முதல் தடவையாக, வார்திஸைப் பார்த்தான்.

"அந்த ஹாரனா?" என்று கேட்டான்.

"அந்த ஹாரன்தான்."

மனூசோஸ் மெல்லத் தலையசைத்தான். குடித்த காப்பிக்குக் காசை வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வார்திஸைத் தாண்டி வெளியே போனான். கோப்பை விளிம்பு வரை நிறைந்து அப்படியே இருந்தது. கடையைச் சாத்தும்வரை ஸ்த்ராதிஸ் அதை எடுக்கவில்லை. மற்றவர்களும் அந்த மேசையில் போய் உட்காரவில்லை.

*

மறுநாள் விடியலில் மலையில் மூடுபனி. பிக்கப் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. அது நன்றாக ஓடுவதே வார்திஸுக்கு எரிச்சலாக இருந்தது. பட்டியில் நிறுத்தி ஸ்டியரிங்குக்குக் கீழே கை போனது. அங்கே வெறும் ஓட்டைதான்.

இறங்கி நின்று கூப்பிட்டான். விசிலடித்தான். தகரத் தொட்டியைக் கல்லால் தட்டினான். ஸ்டியரிங்கில் இருந்த சின்ன ஹாரனை அடித்துப் பார்த்தான். மேலே பனிக்குள் ஒரு மணி லேசாகக் குலுங்கிவிட்டு நின்றது. அந்தச் சத்தமெல்லாம் அவற்றுக்கு வழியில் போகிற யாரோ ஒருவனுடைய சத்தம். மடி கனத்த ஆடுகள் பாறைகளில் நின்றன. ஏறிப் போய் ஓட்டி வருவதற்குள் பால் லாரி போய்விடும்.

சுவருக்கு அப்பால் வெள்ளைப் பிக்கப் வந்து நின்றது. குட்டையாக மூன்று. மனூசோஸின் மந்தை மணியோசையோடு இறங்கி அவன் பக்கம் கூடியது. வார்திஸ் தலையைக் குனிந்துகொண்டு, தேவையில்லாமல் பால் கேனின் மூடியைத் திறந்து மூடினான்.

சுவருக்கு அப்பால் தீவனம் கொட்டும் சத்தம் கேட்டது, பின்னாலேயே வண்டிக் கதவு சாத்தும் சத்தம்.

பிறகு அதே ஹாரன் மறுபடி ஒலித்தது. நீளமாக ஒன்று.

வார்திஸின் கை கேனிலேயே நின்றது.

குட்டையாக இரண்டு.

மேலே பனி முழுக்க மணிச்சத்தமாக மாறியது. பாறைகளை உருட்டிக்கொண்டு அவனுடைய செம்மறிகள் இறங்கின. தலைமை ஆடு பாதி வழியில் நின்று, சத்தம் வந்த சுவரைப் பார்த்தது, தீவனம் இருந்த இந்தப் பக்கத்தைப் பார்த்தது, அப்புறம் இவனிடம் வந்தது. மற்றவை அதன் பின்னால் வந்து அவன் முழங்காலை முட்டின.

வெள்ளைப் பிக்கப்பின் கதவு மறுபடி திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று வார்திஸுக்குத் தெரிந்தது. கை மேலே எழும்பவில்லை. மூட்டையை அவிழ்த்துத் தீவனத்தைக் கொட்டினான். ஆடுகளின் ஈர முதுகுகளுக்கு நடுவே குனிந்தே நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் கிளம்பி, சத்தம் வளைவு திரும்பித் தேய்கிறவரை அவன் நிமிரவில்லை.